வெள்ளிக்கிழமைப் பூவும் வேன் கண்ணாடியும்

கல்பனாவுக்கு அந்தப் பழைய வேன் மேல் இருந்த பாசத்தைப் பார்த்து அவள் புருஷன் தேவேந்திரனுக்கே கொஞ்சம் பொறாமை உண்டு. சித்தூர்ப் பக்கம் அடுத்தவர் மாந்தோப்பில் கூலிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த குடும்பத்தைத் திருப்பதியில் கொண்டுவந்து சொந்தக்காலில் நிற்க வைத்தது அந்த வண்டிதான். அதற்கு அவள் காட்டிய நன்றி, வெள்ளிக்கிழமை தவறாமல் சாமந்திச் சரம். வண்டியின் இரு பக்கமும் திறக்க முடியாத பெரிய கண்ணாடிகள். பூவை மாட்ட ஒரு கொக்கி கிடையாது. அதனால் சரத்தின் நுனி நாரைக் கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டையான பீடிங்குக்கு அடியில் விரலால் அழுத்திச் சொருகிவிடுவாள். மறுவாரம் காய்ந்ததைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதுச் சரம் சொருகுவாள்.

அப்போதெல்லாம் திருப்பதியில் தெருவுக்கு நாலு பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்காவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கோயில் கைங்கரியக்காரர்கள் தெருவில் அத்தனை வீட்டு மெட்ராஸ் ஏர்போர்ட் சவாரியும் தேவேந்திரனுக்குத்தான். அதற்குக் காரணம் வரலக்ஷ்மி அம்மாள். அந்த அம்மாள் ஒரு வண்டியை நல்ல வண்டி என்று சொல்லிவிட்டால் தெருவில் மறுபேச்சு கிடையாது. வேண்டாம் என்று சொன்னாலும் அதே கதைதான்.

அந்த ஐப்பசியில் அம்மாளின் மாப்பிள்ளை வேங்கடேஷ் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனபோது, வழியெல்லாம் மழை. ஏர்போர்ட்டில் அட்டைப்பெட்டியைத் தூக்கினால் அடி கழன்று லட்டெல்லாம் கூழாக வழிந்தது. கண்ணாடி ஓரமாக ஒழுகிய தண்ணீர் செய்த வேலை.

"லட்டு போனாப் போறது, தேவேந்திரா" என்றார் வரலக்ஷ்மி அம்மாள். "அடுத்த வாரம் என் பொண்ணு ஸ்ரீப்ரியா கைக்குழந்தையோட கிளம்பறா. குழந்தை தலையில ஒரு சொட்டு விழப்படாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, வேற வண்டி பாத்துக்கறேன்."

முடியும் என்று சொல்லிவிட்டு வந்தவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தச் சவாரி போனால் அந்தத் தெருவே போய்விடும். மழை வரும்போதெல்லாம் வெளிப்பக்கம் கறுப்புப் பசையைப் பூசிப் பூசி அவன் அலுத்துப்போயிருந்தான். மெக்கானிக் ரங்கையாவோ கையை விரித்துவிட்டார்.

"பழைய கண்ணாடிப்பா. ஒடஞ்சா வேற கெடைக்காது. நான் தொடமாட்டேன்."

"நாமளே கழட்டலாம்" என்றாள் கல்பனா. "நீ உள்ள இருந்து தள்ளு. நான் வெளிய புடிச்சிக்கிறேன்."

"கீழ வுட்டுட்டீனா?"

"உன்னையே இத்தினி வருஷமா புடிச்சிக்கினு கீறேன். இத்த வுட்டுடுவேனா?"

தேவேந்திரன் கரண்டிக் காம்பால் ரப்பரின் உதட்டை மெல்ல நெம்பி, மூலையில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினான். கண்ணாடி ஒரு முனகலோடு பெயர்ந்து கல்பனாவின் கைக்கு வந்தது. பழைய கோணி மேல் அதைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடி உட்கார்ந்திருந்த தகரப் பள்ளம் முழுக்க வாழைநார். வாரா வாரம் அவள் சொருகிய நுனிகள் அறுந்து உள்ளேயே தங்கி, கறுத்துச் சுருண்டு கிடந்தன. ரப்பரைத் தூக்கிப் பிடித்து மழைக்கு வழிவிட்டதே அவைதான். நாருக்கு அடியில் தகரம் துருப்பிடித்துப் பொருபொருத்திருந்தது.

"அம்மோ, நான்தானா இத்த செஞ்சேன்?" என்று அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சோறு போட்ட வண்டிக்குத் தன் கையாலேயே குழி பறித்தோமே என்று அழுகை முட்டியது.

தேவேந்திரன் ஒரு நாரை இழுத்துப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"நீ உள்ள சொருவுன. வந்த தண்ணி வெளிய போவாம நான் மேல பூசிக்கினு இருந்தேன். நல்ல ஜோடிதான் போ! வுடுமே. நீ பூ வச்சதாலதான் வண்டி ஒரு எடத்துலயும் மோதல. ஒழுகுனா ஒழுவட்டும்னு சாமியே வுட்டுட்டாரு."

அந்த வார்த்தைக்காகவே அவனுக்கு இன்னொரு பிறவியும் ஆக்கிப் போடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

நாரைச் சுரண்டி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்துக் காயவிட்டார்கள். புது பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் பள்ளத்தில் நைலான் கயிற்றை ஓட்டி, இரண்டு முனைகளையும் வண்டிக்குள் விட்டார்கள். பசை தடவி அவன் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, அவள் உள்ளே உட்கார்ந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். கயிறு வர வர ரப்பர் உதடு தகரத்தின் மேல் ஏறிப் படிந்துகொண்டே வந்தது. மறுபக்கமும் அப்படியே முடித்தார்கள். பசை காய்ந்தபின் அவன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, அவள் உள்ளிருந்து விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஈரம் இல்லை. இருந்தாலும் குடத்துத் தண்ணீர் வேறு, அடைமழை வேறு.

கிளம்பும் நாளில் வரலக்ஷ்மி அம்மாள் கல்பனாவையும் ஏறச் சொன்னார். "திரும்பி வரச்சே நான் தனியா இருப்பேன். நீயும் வாடிம்மா."

வடமாலபேட்டை தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஸ்ரீப்ரியா குழந்தையோடு கண்ணாடி ஓரமாகவே உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டிலிருந்து கல்பனா கையை நீட்டிக் கண்ணாடி விளிம்பைத் தடவியபடியே வந்தாள். புத்தூர் போயிற்று, நகரி போயிற்று, ஏர்போர்ட்டும் வந்தது. குழந்தை தூக்கம் கலையாமல் உள்ளே போயிற்று.

திரும்பும்போதும் மழை விடவில்லை. குழந்தை இருந்த இடத்தில் இப்போது வரலக்ஷ்மி அம்மாள், கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கல்பனா வழக்கம்போல விளிம்பைத் தடவினாள். விரலில் ஈரம்.

"ஐயோ, வண்டிய நிறுத்துய்யா! ஒழுவுது!"

வரலக்ஷ்மி அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"வண்டி ஒழுகலைடி. அது நான்தான்" என்றார். "என் பேரக்குழந்தை மேல ஒரு சொட்டு விழலை. நீங்க ரெண்டு பேரும் நன்னா இருக்கணும்."

கல்பனா முந்தானையால் அந்த விளிம்பைத் துடைத்தாள். பிறகு அது காய்ந்தே இருக்கிறதா என்று மறுபடி தடவிப் பார்க்கவில்லை. அம்மாளின் கையை மட்டும் திருப்பதி வரைக்கும் விடவில்லை.