மாப்பிள்ளை எடுத்த குரூப் போட்டோ

மாப்பிள்ளை அந்தக் கேமராவை வாங்கிய நாளிலிருந்து பெரிய சிஸ்டருக்கு நிம்மதி போயிற்று. ஆஸ்பத்திரி வார்டில் முப்பத்திரண்டு வருஷம் எத்தனையோ பேர் புலம்பலைக் கேட்டவள்தான். இந்த மனுஷன் வாயைத் திறந்தால் மட்டும் தலை கிறுகிறுத்தது. என்ன செய்வது, ஒரே மகளைக் கட்டியவர் ஆயிற்றே!

"அத்தை, இது மிரர்லெஸ் கேமரா, பழைய கேமரா மாதிரி இதுக்குள்ள கண்ணாடியே கிடையாது. படம் எப்படி வரப்போகுதுன்னு எடுக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். கை நடுங்கினாலும் படம் ஆடாது. ஒரு செகண்டுக்கு நாப்பது படம்! ஆளோட கண்ணை அதுவே தேடிப் பிடிச்சுக்கும்."

எல்லாம் அதுவே செய்தால் நீர் எதற்கு என்று கேட்க அவளுக்கு நாக்குத் துறுதுறுத்தது. "அப்படியா மாப்பிள்ளை" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். இத்தனை வித்தையையும் கையில் வைத்துக்கொண்டு அந்த மகராசன் ஆறு மாதமாக எடுத்ததெல்லாம் தன் கார், தன் வாட்ச், பால்கனியில் வாடிப்போன ஒரு செடி.

அவள் ஓய்வுபெறும் நாளில்தான் வினை வந்தது. வார்டையும் அன்றோடு மூடுகிறார்கள். கூட வேலை பார்த்த ஏழு பேரும் மறுநாள் ஆளுக்கொரு ஊராகப் போகிறார்கள். யூனிஃபார்மில் எல்லோரும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரே ஒரு படம் வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பிரிவு உபசார மேடை, மாலை, பரிசு எதையும் அவள் கேட்கவில்லை. அந்தப் படம் ஒன்றுதான் வேண்டும்.

ஆயா தன் போனை எடுத்தாள். மாப்பிள்ளை ஓடி வந்து தடுத்தார்.

"போன்லயா? அசிங்கமா இருக்கும்மா. உள்ள வைங்க முதல்ல! நான் எதுக்கு வந்திருக்கேன்?"

ஸ்டாண்டு போட்டார், கட்டில்களை நகர்த்தச் சொன்னார், ஜன்னலைத் திறந்து மூடினார். அரை மணி நேரம் எல்லோரையும் நிற்க வைத்தார். "லென்ஸை முழுசா திறந்து வெச்சிருக்கேன் அத்தை. பின்னாடி இருக்கிறதெல்லாம் வெண்ணெய் மாதிரி கரைஞ்சிடும்" என்றார். பிறகு, "குடும்பத்துல ஒருத்தன் வேணாமா?" என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்து, வரிசைக்கு இரண்டடி முன்னால் நட்டநடுவில் குந்தி உட்கார்ந்து, கேமராவோடு இணைத்திருந்த தன் போனைத் தட்டினார். கேமராவிலிருந்து சத்தமே வரவில்லை.

"எடுத்தாச்சா சார்?" என்றாள் சின்ன சிஸ்டர்.

"எடுத்து நாப்பது ஆச்சு!"

அன்று மாலை வார்டுக்குப் பூட்டு விழுந்தது.

பத்து நாள் கழித்து மகளையும் கூட்டிக்கொண்டு படத்தோடு வந்தார். சுவரில் பாதியை அடைக்கிற அளவுக்குப் பிரிண்ட், சட்டம் வேறு. காகிதத்தைக் கிழித்துவிட்டு, கை தட்டுவார்கள் என்று நின்றார்.

நடுவில் மாப்பிள்ளை. மீசையில் ஒரு முடி விடாமல் எண்ணலாம். அவருக்குப் பின்னால் வெள்ளையாக எட்டுத் தீற்றல்கள். அதில் இடமிருந்து நாலாவது தீற்றல் தான்தான் என்று பெரிய சிஸ்டருக்கு நின்ற இடத்தை வைத்துத்தான் புரிந்தது.

"கண்ணைத் தேடிப் பிடிக்கும்னீங்களே மாப்பிள்ளை. எங்க கண்ணெல்லாம் எங்கே?"

அப்போதுதான் அவரும் படத்தை முழுசாகப் பார்த்தார். ஆனாலும் வாய் நின்றபாடில்லை. "அது வந்து அத்தை, இதுல முகத்தைப் பதிஞ்சு வைக்கலாம். பதிஞ்ச முகம் கூட்டத்துல இருந்தா, மத்தவங்களை விட்டுட்டு அதைத்தான் முதல்ல பிடிக்கும். பிரமாதமான வசதி!"

"யார் முகத்தைப் பதிஞ்சீங்க?" என்றாள் மகள்.

அவர் மீசையை நீவிக்கொண்டார்.

"சரி, பிரிண்டுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி பெரிசாக்கிப் பார்க்கலையா?" என்று மகள் விடவில்லை.

"பார்த்தேனே! புருவம் வரைக்கும் அவ்வளவு தெளிவா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். நாற்பது படத்திலும் தன் புருவத்தை மட்டுமே பார்த்திருக்கிறார். சீ, இப்படியும் ஒரு ஜென்மம்!

பெரிய சிஸ்டர் கத்தவில்லை. சட்டத்தைக் கழற்றினாள், கத்தரிக்கோலை எடுத்தாள். தையல் பிரிக்கிற நிதானத்தோடு தலை, தோள், முழங்கால் என்று ஓரம் பிசகாமல் மாப்பிள்ளையை வெட்டி எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"உங்க வீட்டுல மாட்டிக்குங்க மாப்பிள்ளை. ரொம்ப லட்சணமா விழுந்திருக்கு."

மிச்சத்தைச் சட்டத்தில் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தீற்றலாகத் தொட்டுக் காட்டுவாள். இது சின்ன சிஸ்டர், இது ஆயா, இது ராத்திரி டியூட்டிக்காரி, இது நான்.

"முன்னாடி ஓட்டையா இருக்கே, அங்க யாரு?" என்று யாராவது கேட்பார்கள். மாப்பிள்ளை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் பதில் ஒன்றுதான்.

"அங்கயா? அங்க யாருமில்ல."