அப்பா நின்ன படம்

பாத்ரூம் ஜன்னல்ல கறுப்பு குப்பைப் பையை ஒட்டி, கதவிடுக்குல ரெண்டு துண்டைத் திணிச்சு, விளக்கையும் அணைச்சுட்டு உள்ள நிக்கிறான் தம்பிக்காரன். கையில இன்னும் கழுவாத ஃபிலிம் சுருள். அக்கா கல்யாணம் மொத்தமும் அதுக்குள்ளதான்.

கல்யாணம்னா பெருசா ஒண்ணுமில்ல. பதிவு ஆபீஸ்ல கையெழுத்து, வாசல்ல படம். இந்தப் பய சும்மா இருந்தானா? "யாரும் போனைத் தூக்காதீங்க, நான் ஃபிலிம்ல எடுக்கிறேன், அப்புறம் பாருங்க"ன்னு எல்லார் கையையும் கட்டிப் போட்டுட்டான். வரவே மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்ன அப்பா, எல்லாம் முடிஞ்சு கிளம்புற நேரத்துல வந்தார். அக்கா பக்கத்துல நின்னார். ஒரே ஒரு படம். பேசாம படியிறங்கிப் போயிட்டார். அதோட சரி, அக்கா போன் பண்ணா எடுக்கிறதே இல்ல. மத்த படமெல்லாம் எப்படிப் போனாலும் போகட்டும், அது ஒண்ணு வேணும் அவளுக்கு.

"என்னடா, முடிஞ்சுதா?" வெளியிலிருந்து அக்கா தட்டுறா.

"திறந்துடாதே! வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு. முதல்ல ஒரு துண்டை மட்டும் கழுவிப் பாக்கணும்."

"அது எதுக்கு?"

உள்ள அவன் இருமுற சத்தம்தான் வருது.

"டேய்."

"ஃபிலிம் கொஞ்சம் பழசுக்கா. தேதி முடிஞ்சது."

"கொஞ்சம்னா?"

"நீ ரெட்டைச் சடை போட்டுட்டிருந்த காலம்."

"அடப்பாவி! பால் பாக்கெட்டையே மூணு தடவை தேதி பாத்து வாங்குறவன்டா நீ! என் கல்யாணம்தான் கிடைச்சுதா?"

"அதுக்குத்தான்க்கா டெஸ்ட். எவ்வளவு கெட்டுருக்குன்னு தெரிஞ்சா கழுவுற மருந்தை மாத்திக்கலாம். முதல்ல எடுத்ததெல்லாம் சும்மா படிக்கட்டு, செருப்பு. அந்த நுனியைத்தான் ஒரு சாண் வெட்டியிருக்கேன். அப்பா கடைசியில பத்திரமா இருக்கார்."

கூடத்துல ஷூ நாடா கட்டிக்கிட்டிருந்த அத்தான் தலையைத் தூக்கினார். கேமரா அவரோடது.

"மச்சான், எந்த நுனி?"

"வெளி நுனி அத்தான். முதல் படம் அங்கதானே இருக்கும்?"

"என் கேமரால இல்லயே. அது மாட்டினதும் மொத்த ஃபிலிமையும் அதோட கூட்டுலேர்ந்து வெளிய இழுத்துக்கும். அப்புறம் எடுக்க எடுக்க ஒவ்வொரு படமா திரும்ப உள்ள சுருட்டிக்கிட்டே போகும். கடைசிப் படம்தான் வெளி நுனி. மாட்டினப்ப ரொம்ப நேரம் கர்ருன்னு சத்தம் வரல?"

வந்துச்சு. ஏதோ உடைச்சுட்டோம்னு பயந்து வாயைத் திறக்காம இருந்துட்டான்.

"இதை இப்பத்தான் சொல்லுவீங்களா?"ன்னு அக்கா புருஷன் மேல பாஞ்சா.

"கேமரா கேட்டான், குடுத்தேன். யாரு என்னை வேற எதுவும் கேட்டா?"

உள்ள இவன் கையில அந்த ஒரு சாண் துண்டு, மருந்து ஊத்தின மக்குக்கு நேர் மேல தொங்குது. இன்னும் ஒரு விரக்கடை இறக்கியிருந்தா அப்பா அதோட காலி. எங்க வைக்கிறது? சுத்தி எல்லாம் ஈரம். ஓரத்தைப் பல்லுல கவ்விக்கிட்டான். தடவித் தடவி உள் நுனியைப் பிடிச்சு, ரெண்டு விரல் அளவு வெட்டி மக்குல விட்டான். மிச்சத்தையும் வாயில இருந்ததையும் வெளிச்சம் புகாத டப்பாவுக்குள்ள சுத்தி, மூடியை இறுக்கினான். அப்புறந்தான் மூச்சே விட்டான்.

அந்தத் துண்டைக் கழுவுற மருந்துலயும், அப்புறம் படம் அழியாம நிறுத்துற மருந்துலயும் முக்கி எடுத்து விளக்கைப் போட்டுப் பாத்தா, துண்டு பூரா பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி கலங்கல்.

"தெரியுதா?"

"படி தெரியுது. மூடுபனிக்குள்ள."

"படியே இப்படின்னா அப்பா?"

கதவைத் திறந்தான். "ஐஸ் கொண்டாக்கா. மருந்தைச் சில்லுனு ஆக்கினா மூட்டம் கொஞ்சம் அடங்கும்."

அக்கா ஐஸ் தட்டையே பேத்துக்கிட்டு வந்தா. குடுத்துட்டுப் போகல, வாசப்படியிலயே நின்னுட்டா. அவன் மருந்தை ஊத்தி டப்பாவைக் கவுத்து நிமித்துறப்பெல்லாம் "மெதுவாடா, மெதுவா"ன்னு உதடு மட்டும் அசையுது.

மூடியைத் திறந்து முதல்ல அந்த ஒரு சாணைத்தான் எடுத்தான். வாடகைக் கார். காருக்குள்ள அக்கா. அப்பாவோட முதுகு. அடுத்த படம் பாதியிலயே வெட்டுப்பட்டிருக்கு. அதுல அப்பா நிக்கிறார், ரெண்டு தோளும் முழுசா. அக்கா இல்ல. அவ பெரிய சுருளோட நுனியில தனியா நிக்கிறா.

தம்பிக்காரனுக்குத் தலை நிமிரல. "கம்ப்யூட்டர்ல போட்டு ஒட்டிடலாம்க்கா. தெரியவே தெரியாது."

அக்கா ரெண்டையும் வாங்கி, ஜன்னல் பையைக் கிழிச்சு விட்டு, ஓரத்தோட ஓரம் வச்சுப் பாத்தா. நெகடிவ்ல அப்பாவோட நரைச்ச மீசை கறுகறுன்னு இருக்கு.

"யாரு மேலயும் கத்தரி படலடா. எங்க நடுவுல இன்னொரு ஆள் நிக்கலாம், அவ்வளவு இடம் விட்டுட்டில்ல நின்னார். அங்கதான் வெட்டியிருக்க."

அத்தானும் எட்டிப் பாத்தார்.

"ஒட்டாதே. தனித்தனியாவே போட்டுக் குடு"ன்னா அக்கா. "என் பாதியை அவர்கிட்ட நானே கொண்டு போறேன். கைநீட்டி வாங்குறாரான்னு பாக்கணும்."