இரண்டு சாவுக்கு ஒரே பாட்டு

வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஆவுடைத்தாயின் தம்பி முத்துமாலை சிரித்துக்கொண்டிருந்தான். நேற்று ஒட்டிய கண்ணீர் அஞ்சலி. பக்கத்திலேயே பசை காயாமல் இன்னொரு அஞ்சலி. மணல் லாரி முதலாளி குற்றாலலிங்கம், மாரடைப்பு.

எந்த லாரி முத்துமாலை மேல் ஏறியதோ, அந்த லாரியின் முதலாளி.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். இரண்டு படங்களுக்கும் கீழே இருந்த பாட்டைப் படித்தபோதுதான் அவளுக்குச் சுர்ரென்று உச்சிக்கு ஏறியது.

'வாரி வழங்கிய வள்ளலே! வாடாத மலரே!
நீ நடந்த வழியெல்லாம் நீதியும் நடந்ததே!'

இரண்டிலும் எழுத்துப் பிசகாமல் அதே வரிகள்.

கைக்கு வந்தவரை இரண்டையும் கிழித்துச் சுருட்டிக்கொண்டு பாளையங்கோட்டை அச்சகத்துக்குள் அவள் நுழைந்த வேகத்தில், சாலமோன் அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு அண்ணாச்சி இத எழுதுனது?"

"நீங்கதான டீச்சர், பேரும் வயசும் குடுத்து, நல்லதா ரெண்டு வரி போட்டுருங்கன்னு சொன்னிய?"

உண்மைதான். அன்றைக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது நினைவுக்கு வந்ததும் கோபம் இன்னும் கூடியது.

அண்ணாச்சியின் மகன் ஜாபேஸ் எழுந்து வந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் படித்தவன். தொண்ணூற்றாறில் ஊரே வேடிக்கை பார்க்கிற மாதிரி அச்சகத்துக்குள் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அதைச் செல்லமாகத் தட்டினான்.

"மனுசன் யாரும் எழுதல டீச்சர். இதுவே பாட்டுக் கட்டும். பழைய அஞ்சலி எல்லாத்தையும் உள்ள ஏத்தி வச்சிருக்கேன். பேரு, வயசு, தொழில் குடுத்தாப் போதும். எதுகை மோனையோட கோத்துக் குடுத்துரும்."

"எந்தம்பி எப்படிச் செத்தான்னு அதுக்குத் தெரியுமாலே?"

"அத நிரப்புறதுக்குக் கட்டம் வைக்கலியே டீச்சர்."

"ஆத்து மணல அள்ளாதன்னு லாரிய மறிச்சு நின்னு செத்தான் அவன். ஏத்திக் கொன்னவன் வழியிலயும் நீதி நடந்துச்சோ?"

அண்ணாச்சி சமாதானத்துக்கு வந்தார். "கோவப்படாதிய. முன்னால நம்மகிட்ட எழுதுன புலவரும் செத்தவுக எல்லாரையும் வள்ளல்னுதான் எழுதுனாரு."

"எழுதட்டும். குற்றாலலிங்கத்துக்கு எழுதும்போது அவரு கை கூசியிருக்கும். கூசலன்னா அவரு வீட்டு வாசல்ல போய் நின்னு, வெக்கமா இல்லியாவேன்னு நாலு கேள்வி கேட்டிருப்பேன். இந்தப் பொட்டிகிட்ட நான் என்னத்தக் கேக்க?"

 

ஆவுடைத்தாய் அங்கே கிடந்த பெரிய வெள்ளைத் தாளை இழுத்து, விளம்பரத் தட்டி எழுதுகிற தூரிகையைச் சிவப்பு மையில் தோய்த்தாள்.

'மணல் லாரியை மறித்து நின்றான் முத்துமாலை.
குற்றாலலிங்கத்தின் லாரி நிற்கவில்லை.'

"எதுகை இல்லியே" என்றான் ஜாபேஸ், பழக்க தோஷத்தில்.

"மூடுலே!" என்றார் அண்ணாச்சி. "டீச்சர், அந்த ஆளு மகனுவ என் கடையக் கொளுத்திருவானுவ. இதுக்கு அடியில அச்சகத்துப் பேரப் போட முடியாது."

"யாரு உம்ம பேரக் கேட்டா?"

வழக்கமாகக் 'குடும்பத்தார்' என்று போடுகிற இடத்தில், மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக எழுதினாள்: 'எழுதியது ஆவுடைத்தாய், அக்காள்.'

பசை வாளியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அண்ணாச்சி தடுக்கவில்லை.

பட்டப்பகல். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் விலகி வழிவிட்டது. கிழித்த இடத்தில் தாளை ஒட்டி, உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அறைந்து படியவைத்தாள். யாரோ ஒருவர் வாய்விட்டுப் படித்தார்.

அந்த நேரம் பார்த்து ஆற்றுப்பக்கமிருந்து ஒரு மணல் லாரி வந்து நின்றது. முன்கண்ணாடியில் குற்றாலலிங்கத்தின் மாலை போட்ட படம். டிரைவர் தலையை நீட்டிச் சுவரைப் படித்தான்.

"யாரு எழுதுனது இத?"

"நாந்தான் எழுதுனேன்" என்றாள் ஆவுடைத்தாய், சிவப்பு மை வழிகிற கையோடு சுவருக்கு முன்னால் நின்று. "எறங்கி வாலே."