காற்று வரும் பக்கம்

வியட்நாமில் டெட் புத்தாண்டுக்கு இன்னும் ஒன்பது நாள்.

சேஷாசலம் மேசை இழுப்பறையைத் திறந்தார். கரியமாணிக்கத்தின் தாள் உள்ளேயே கிடந்தது. இரண்டு மாதமாகக் கிடக்கிறது. மூடினார்.

கரியமாணிக்கம் காரைக்குடிப் பையன். காலணித் தொழிற்சாலையின் தீத்தடுப்பு வேலைக்கு ஆறு மாதத்துக்கு முன் வந்தவன். அதுவரை பதினெட்டு வருடம் அதையும் சேர்த்துப் பார்த்தவர் சேஷாசலம்தான். இப்போது அவருக்குக் கிடங்கு மட்டும் மிச்சம்.

வந்த முதல் வாரமே அவன் கிடங்குக் கூரையில் கம்பு நட்டு, ஆரஞ்சு நிறத்தில் நீளமான துணிப்பை ஒன்றைக் கட்டினான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அது காட்டுமாம்.

"இன்னாப்பா, மேல கோமணம் காயுது?"

"ஆமாண்ணே. ஒங்களுக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லவா?"

சுமை ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் சிரித்தார்கள். அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். அது சேஷாசலத்தை இரண்டு நாள் உறுத்தியது.

பிறகு, இரண்டு மாதத்துக்கு முன், முதலாளியோடு ஒரு கூட்டம் நடந்தது. முதலாளி எலென், போர் முடிந்த எழுபத்தைந்தில் நம்மவர்கள் எல்லோரும் கப்பலேறியபோது ஏறாமல் இங்கேயே தங்கிவிட்ட புதுச்சேரிக்காரரின் மகள். கரியமாணிக்கம் அவளுக்குக் கிடங்கின் படத்தைக் காட்டினான்.

"கார்த்திகையிலேருந்து மாசி வரைக்கும் இங்க கெழக்குக் காத்தும்மா. மத்தியானத்துக்கு மேல பேயாட்டம் அடிக்கும். உள்ள தீப்பிடிச்சா கெழக்குப் பக்கம் பெரிய ஷட்டரத் தொறக்கவே கூடாது. தொறந்தா கெடங்கு அடுப்பு, ஷட்டரு ஊதுகுழல். ஆளுங்க பக்கத்துச் சின்னக் கதவு வழியா வெளிய வரட்டும்."

எலென் படத்தையே பார்த்தாள். "பதினெட்டு வருஷம் இதை யாரும் எனக்குச் சொல்லலையே, சேஷா?"

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

கிடங்குச் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு வாசகம் உண்டு. தீ என்றால் எல்லா ஷட்டர்களையும் திற. சேஷாசலம் தன் கையால், வியட்நாமிய மொழியில், ஒரு ஒலிக்குறி பிசகாமல் எழுதியது. புகை வெளியே போனால் போதும் என்று அன்றைக்கு நினைத்தார். எலெனின் அப்பாவே அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார். இனி அதை அழிக்க வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் கரியமாணிக்கம் தாளோடு வந்தான். புதிய விதி, தமிழில், ஏழு வரி.

"அண்ணே, எனக்கு இந்த ஊருப் பாஷை நன்றி சொல்ற 'கம் அன்'னைத் தாண்டல. நீங்க எழுதிக் குடுத்தாத்தான் ச்சூ லொக்குக்கு வெளங்கும்."

ச்சூ லொக் கிடங்கின் காவலாளி. அறுபது வயது. சுவரில் இருப்பதுதான் அவருக்குச் சட்டம்.

'நீங்க எழுதிக் குடுத்தாத்தான்' என்ற சொல் சேஷாசலத்துக்கு ஒரு நாள் இனித்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலில் அர்ச்சகர் கேட்டார்: "உங்க கம்பெனில காத்தைப் பார்த்தே நெருப்பைச் சொல்ற தம்பி இருக்காராமே? எலெனம்மா சொல்லி மாளல." சேஷாசலம் விபூதியை நெற்றியில் இடாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அன்று தாள் இழுப்பறைக்குள் போயிற்று.

பத்து நாள் கழித்துக் கரியமாணிக்கம், எழுதிக் கொடுத்தாச்சா என்று கேட்டான். "ஆச்சு, ஆச்சு" என்றார்.

இப்போது மேசையிலிருந்து எழுந்து ஜன்னலருகே நின்றார். கூரைமேல் துணிப்பை விறைத்து மேற்கே நீண்டிருந்தது. நாளைக்கு எழுதிவிடலாம் என்று நினைத்தார். அப்போதுதான் புகையைப் பார்த்தார்.

இறங்கி ஓடியபோது கிடங்கின் நடுவில், ஸ்பாஞ்ச் உருளைகள் அடுக்கிய ஒரே ஒரு வரிசை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஆட்கள் சின்னக் கதவு வழியாக வந்துகொண்டிருந்தார்கள். ச்சூ லொக் கிழக்கு ஷட்டரின் சங்கிலியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார். ஷட்டர் ஏறிக்கொண்டிருந்தது.

சேஷாசலம் வாயைத் திறந்தார். அந்த மொழியில் எல்லாச் சொல்லும் தெரிந்தவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

காற்று உள்ளே புகுந்தது. ஒரு வரிசையில் எரிந்தது ஆறு வரிசையில் எரிந்தது. தீ படுத்துக்கொண்டு மேற்கே ஓடியது. மேற்குச் சுவரின் தகரம் கிழிந்தது. எரியும் துண்டுகள் சாலையைத் தாண்டிப் பறந்து, எதிரே இருந்த அட்டைப்பெட்டிக் கிடங்கின் கூரையில் விழுந்தன. கரியமாணிக்கம் எங்கிருந்தோ ஓடிவந்து ச்சூ லொக்கைத் தள்ளிவிட்டுச் சங்கிலியைப் பிடித்து இறக்கினான். அதற்குள் சங்கிலி பழுக்கக் காய்ந்திருந்தது.

அணைத்து முடிக்க ஐந்து மணி நேரம் ஆயிற்று. யாரும் சாகவில்லை. இரண்டு கிடங்கும் போயிற்று.

மறுநாள் காலை கரியமாணிக்கம் இரண்டு கையிலும் கட்டோடு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எலென் அவனுக்குக் காப்பியைக் குழலோடு வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள். சேஷாசலம் அந்தக் கட்டைப் பார்த்தார். அதன் மேலும் பொறாமை வந்தது. வந்ததை அவரே கவனித்தார்.

"ரெண்டு மாசம் முன்னாடியே எழுதிக் குடுத்தும் இந்த ஆள் தொறந்திருக்கார்" என்றாள் எலென். "டெட்டுக்கு முன்னாடி கணக்குத் தீர்த்து அனுப்பிடலாம்."

ச்சூ லொக் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். எலெனைப் பார்க்கவில்லை. கரியமாணிக்கத்தின் கைகளைப் பார்த்து, எலெனுக்குக் கேட்காத மெல்லிய குரலில், தன் மொழியில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எந்தத் தாளும் வரவில்லை, சுவரில் இருந்ததைத்தான் செய்தேன்.

எலெனுக்குத் தொலைபேசி வந்தது. காப்பியைச் சேஷாசலத்தின் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போனாள்.

கரியமாணிக்கம் நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, இவரு நேத்துலேருந்து ஒரே பேச்சையே சொல்றாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. என்னதான் சொல்றாரு, நீங்க சொல்லுங்கண்ணே."