தாழை 2.1 யாருடைய சொத்து

மெல்பேர்னிலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது மிருணாளினி சிட்னி பென்டில் ஹில் வீட்டுக் கராஜில் உட்கார்ந்து ஒரு பழைய ஃப்ளொப்பியின் பூஞ்சணத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாரத்தில் ஐந்து நாள் அவளுக்குப் பரமட்டாவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கணினி வேலை. சனி, ஞாயிறு கராஜில். யாரும் இப்போது விற்காத பழைய மென்பொருள்களைத் தேடிப்பிடித்து, மறுபடி ஓடவைத்து, தன் இணையத்தளத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி போட்டுவைப்பாள். அவற்றில் அவளுக்குப் பெரிய பெருமை ‘தாழை 2.1’. தொண்ணூறுகளில் சிட்னித் தமிழர் மூவர் சேர்ந்து எழுதிய தமிழ்ச் சொற்செயலி அது. கல்யாணக் கார்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பிதழ், சங்கத்தில் ஒருவரையொருவர் திட்டிய துண்டுப்பிரசுரம் எல்லாம் ஒரு காலத்தில் அதில்தான் அடித்தார்கள். தொண்ணூற்றெட்டில் நிறுவனத்தை மூடிவிட்டார்கள். தாழை ஓட வேண்டுமென்றால் பிரிண்டர் வயர் சொருகுமிடத்தில் சின்னப் பூட்டு ஒன்றைச் சொருக வேண்டும். அந்தப் பூட்டு இன்று ஒருவரிடமும் இல்லை. மூன்று மாதம் மல்லுக்கட்டி, பூட்டைக் கேட்காமலே தாழை ஓடும்படி செய்திருந்தாள் மிருணாளினி.

கடிதம் இரண்டு பக்கம். மெரிடோக் ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனம் தாழையின் முழு உரிமையாளராம். மிருணாளினி செய்வது திருட்டாம். அவர்களுடைய வியாபாரத்துக்கு ஈடுசெய்ய முடியாத சேதமாம். பதினான்கு நாட்களுக்குள் அகற்றாவிட்டால் வழக்கு.

அவள் கடிதத்தோடு உள்ளே போனாள். கணவன் துஷாந்த் சோபாவில் சாய்ந்து சென்னைச் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் அப்பவே சொன்னனான்,” என்றான், கடிதத்தைப் படித்துவிட்டு. “களவு களவுதான் மிருணா. பழசெண்டாப்போல களவில்லை எண்டு ஆகுமே?”

மிருணாளினி தொலைக்காட்சிக்குக் கீழேயிருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். நானூறு சானல் அதில் வரும். “அப்ப இது?”

“இது வேற. இதுக்கு நான் வருசாவருசம் காசு கட்டுறன்.”

“ஆருக்கு?”

“உவன், மளிகைக் கடைக்குப் பின்னால கார் நிப்பாட்டிக்கொண்டு நிக்கிறவனுக்கு.”

அவனைக் கேலி செய்தாளே தவிர, அவளுக்கும் உறுத்தாமலில்லை. பூட்டை உடைத்தது உண்மை. யாரையும் கேட்காமல் உடைத்ததும் உண்மை. அன்றைக்கே தாழையைத் தளத்திலிருந்து எடுத்தாள். எடுத்துவிட்டு மெரிடோக்குக்கு எழுதினாள்: அகற்றிவிட்டேன், உங்களுக்கு உரிமை இருப்பதற்கான சான்றை அனுப்புங்கள், இதை எங்கே வாங்கலாம் என்றும் சொல்லுங்கள், கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆட்கள் உண்மையாகவே இருந்தார்கள். மறுநாளே நார்த்மீட்டிலிருந்து யோகா அன்ரி தொலைபேசி எடுத்தாள். அவள் கணவர் இறந்து ஒரு வருடம். “பிள்ளை, உம்மட தளத்தில தாழையைக் காணேல்லை. மனிசன் அடிச்சு வைச்ச கடிதமெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. ஆர் விற்கினம் எண்டு சொல்லும், நான் வாங்கிறன்.”

மூன்றாம் நாள் மெரிடோக்கிலிருந்து அழைப்பு வந்தது. “மேடம், கௌரிசங்கர் பேசறேன். உரிமைப் பிரிவு மேனேஜர். தாழை இப்போதைக்கு விற்பனையில இல்லீங்க.”

“எப்ப வரும்?”

“வரணும்னா முதல்ல எங்ககிட்ட ஒரு காப்பி இருக்கணுமில்லையா.”

“உங்களிட்ட தாழை இல்லையா?”

“உரிமை இருக்கு மேடம். தாழைதான் இல்ல.”

மிருணாளினி கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். “சரி, உரிமைக்குச் சான்று?”

கௌரிசங்கர் தொண்டையைச் செருமினான். மூடிய கம்பெனிகளின் சொத்துகளை மொத்தமாக வாங்குவது மெரிடோக்கின் தொழில். தாழையும் அப்படிக் கட்டோடு வந்தது. தாளிலிருந்த ஒப்பந்தம் கிடங்கில் தண்ணீர் புகுந்து கூழாகிவிட்டது. ஆனால் அதே ஒப்பந்தம் ஒரு ஃப்ளொப்பியில் பத்திரமாக இருக்கிறது. “எங்க ஐ.டி. ஆளுங்களால திறக்க முடியல மேடம். எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் கட்டம் கட்டமா வருது.”

“அது தாழையில அடிச்சதா இருக்கும்.”

“ஆமாங்க. திறக்கறதுக்குத் தாழை வேணும்.”

“ஓடுற தாழை என்னட்ட மட்டும்தான் இருக்கு.”

“அது திருட்டுக் காப்பி மேடம்,” என்றான் அவன், மெய்யாகவே வருத்தப்பட்டு.

அடுத்த மூன்று வாரம் வக்கீல்களின் காலம். திருட்டுக் காப்பியைப் பயன்படுத்தும்படி மெரிடோக் கேட்க முடியாது. அனுமதி கொடுத்துவிட்டால் திருட்டாகாது. அனுமதி கொடுக்க உரிமை நிரூபணமாக வேண்டும். நிரூபிக்க ஒப்பந்தத்தைத் திறக்க வேண்டும். திறக்கத் தாழை வேண்டும். சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு வழி கண்டார்கள்: ‘உரிமையாளரெனத் தம்மைக் கருதுபவரின் முன்னிலையில், ஒரே ஒரு தடவை, ஆய்வுக்காக மட்டும்.’

அந்தச் சனிக்கிழமை கௌரிசங்கர் விமானம் ஏறி வந்தான். மெல்பேர்ன் கிரெய்கிபர்னில் வீடு, சொந்த ஊர் கோயம்புத்தூர், முப்பது வயது இருக்கும். ஃப்ளொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான். துஷாந்த் வழக்கு எதிராளி வருகிறானென்று முகத்தை இறுக்கி வைத்திருந்தவன், ஆளைக் கண்டதும் இளகி, ஒரு தட்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தான்.

பழைய கணினி கரகரவென்று வாசித்தது. நீலத் திரையில் மஞ்சள் எழுத்துகள் வரிசையாக வந்தன. மிருணாளினி வாய்விட்டு வாசித்தாள்.

“விற்கப்படும் பொருட்கள். சுழல் கதிரை ஆறு. மேசை மூன்று. ஃபோட்டோகொப்பி மெசின் ஒன்று, பழுது. மின்விசிறி இரண்டு.”

“கதிரைன்னா?” என்றான் கௌரிசங்கர்.

“நாற்காலி.”

“சரிங்க. கீழ போங்க.”

கீழே ஒரே ஒரு பத்திதான் இருந்தது. ‘தாழை மென்பொருளின் உரிமை இவ்விற்பனையில் அடங்காது. அது குறித்துப் பங்காளிகள் மூவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.’

கௌரிசங்கர் திரைக்குக் கிட்டப்போய்த் தானே ஒரு தடவை வாசித்தான். “அப்போ நாங்க வாங்கினது…”

“ஆறு கதிரை,” என்றாள் மிருணாளினி.

அவன் முகம் வெளிறியது. மொத்தமாக வாங்கிய இந்தச் சொத்துகளை நம்பி இந்த வருடம் மட்டும் நாற்பது பேருக்குக் கடிதம் போட்டிருந்தானாம். குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “மேடம், இதை மூடிட்டு, திறக்கவே முடியலன்னு சொல்லிடலாமா?”

“கள்ளியெண்டு ஏற்கெனவே எழுதிப்போட்டீங்கள் தம்பி. பொய்க்காரி எண்டும் சேர்க்கவேண்டாம்.”

கௌரிசங்கருக்கு எதிர்பாராமல் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டான். ஒப்பந்தத்தை அச்சடித்து வாங்கி மடித்துப் பையில் வைத்தான். போகும்போது, “நான் தப்பா ஒண்ணும் செய்யலைங்க மேடம், கொடுத்த லிஸ்ட்டுக்குக் கடிதம் போட்டேன்,” என்றான். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை.

இரண்டு வாரத்தில் மெரிடோக்கின் பதில் வந்தது. எந்த உரிமையையும் விட்டுக்கொடுக்காமல் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறார்களாம். துஷாந்த் கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து, “நான் அப்பவே சொன்னனான், உது களவில்லையெண்டு” என்றான்.

மிருணாளினிக்கு அவ்வளவு துள்ளல் இல்லை. மெரிடோக்குடையது இல்லையென்றால் தன்னுடையது என்று ஆகிவிடுமா? யோசித்து, தாழையைத் தளத்தில் திரும்பப் போட்டு, மேலே ஒரு குறிப்பும் எழுதினாள்: ‘இதன் உரிமையாளர் யாரென்று தெரியவில்லை. நீங்கள்தான் என்றால் எழுதுங்கள், எடுத்துவிடுகிறேன்.’

யோகா அன்ரி அந்த ஞாயிறே ஃப்ளொப்பிகளோடு வந்து இறங்கினாள். திறந்த முதல் கடிதம் கவுன்சிலுக்கு எழுதிய முறைப்பாடு. இரண்டாவதும் அதுவே. “மனிசன் என்னைப் பற்றி ஒரு வரி எழுதேல்லை பிள்ளை. முழுக்கப் பக்கத்து வீட்டு நாய்தான்,” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு மூன்றாவதைத் திறக்கச் சொன்னாள்.

குறிப்புக்குப் பத்து நாளில் ஐந்து உரிமையாளர்கள் கிளம்பினார்கள். எழுத்துரு வரைந்தவர் ஒருவர். தாழை என்று பெயர் வைத்தது தானே என்றார் இன்னொருவர். மற்ற மூவரும் அசல் பங்காளிகள்: மெல்பேர்னிலிருந்து கல்யாணசுந்தரம், டொரொன்டோவிலிருந்து பாலா, காலமான மூன்றாமவரின் மகள் ஸ்ருதி. மூவரில் ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் கள்ளரென்று எழுதியிருந்தார்கள். பாலாவின் கடிதம் மிகவும் கண்டிப்பானது: ‘உடனே அகற்றவும். அகற்றுமுன் எனக்கொரு காப்பி அனுப்பவும்.’

மிருணாளினி மூவருக்கும் காப்பி அனுப்பினாள். மூவரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்து அனுப்பினால் அன்றைக்கே எடுத்துவிடுவதாகவும் எழுதினாள். மனமார எழுதினாள், அந்தக் கடிதம் வந்திருந்தால் எடுத்தும் இருப்பாள். ஆனால் யாருடைய பெயர் முதலில் வருவது என்பதில் மூவரும் மறுபடி பிடுங்குப்பட்டார்கள். தாழை தளத்திலேயே கிடக்கிறது.