பின்னுரித்தாளி: றாபியா

உடலைச் சுமந்த சந்தூக்கு முற்றத்தைக் கடந்ததும் பெண்களின் அழுகை ஓங்கியது. றாபியா ஒரு கையால் கண்ணைத் துடைத்தாள். மறு கை அக்குளில் இடுக்கிய கைப்பையை விடவில்லை.

சந்தூக்கில் போவது அவளுடைய ஒரே தம்பி அச்சிமுகம்மது. காலையில் வட்டை வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனவன் நெஞ்சைப் பிடித்தபடி வரம்பிலேயே சரிந்துவிட்டான். கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான்.

பைக்குள் இருந்தது அவனுடைய வங்கிப் பத்திரம். தொண்ணூறாம் ஆண்டுப் பிரச்சினைக்குப் பிறகு சவூதிக்குப் போய், ஆறு வருடம் லொறி ஓட்டிச் சேர்த்ததை நிரந்தர வைப்பில் போட்டபோது அவன் தனியாள். தனக்குப் பிறகு பணத்தை எடுக்க உரியவர், அதாவது பின்னுரித்தாளி, என்ற இடத்தில் ராத்தாவின் பெயரை எழுதி, பத்திரத்தையும் அவளிடமே கொடுத்து வைத்தான். பிறகு அட்டாளைச்சேனையில் நஸீறாவை முடித்து, வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிவந்தான். போன மாதம் சொல்லியனுப்பினான்: "பத்திரத்தக் கொண்டு வாங்க ராத்தா, பேர மாத்தணும்."

மூன்று வெள்ளிக்கிழமை "வாறன், வாறன்" என்றே ஓட்டினாள். இன்றைக்கு, கேட்க ஆளில்லாத நாளில், வந்திருக்கிறாள். மவுத்துச் செய்தி கேட்டதும் அலுமாரியைத் திறந்து அதை ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

உட்கார்ந்தாள். எழுந்தாள். கிணற்றடிக்குப் போய்த் திரும்பி வந்தாள். அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து ஆண்கள் திரும்பியதும் கணவன் ஜவுபர் அவளைப் பின்வளவுக்கு இழுத்தான்.

"பேப்பர் இரிக்கா?"

"ஓம்."

"ஆருக்கிட்டயும் மூச்சு விடாத. ஒன்ட பேர்ல இரிக்கி, ஒனக்கிட்டத்தான் குடுப்பானுகள். பஸ்லியாட ஊட்டுக்குக் கூரையப் போட்டுரலாம்."

பஸ்லியா அவர்களின் ஒரே மகள். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது. சுவர்கள் பாதியில் நின்று இரண்டு மாரியில் பாசி பிடித்துக் கிடந்தன.

"என்ன ஜவுபர், கவுறு மண் இன்னும் காயல்ல. அதுக்குள்ள கூரக் கதையா?"

கேட்டது கால் கழுவ வந்த உதுமாலெவ்வை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர். ஜவுபர் விறைத்தான்.

"அவன்தானே காக்கா இவட பேர எழுதினான்?"

"என்ட பேரும்தான் பள்ளி போர்டுல பெருசா இரிக்கி. பள்ளித் தோப்புத் தேங்கா என்ட குசினிக்கா வருது?"

"வந்தாலும் ஆரு கண்டா?"

"கண்டா வந்து சொல்லு, நானும் ஒரு சம்பல் தின்னுறன்." சிரிக்காமலே சொன்னார். "பேர் இரிக்கிறது வாங்கிக் குடுக்கிறத்துக்கு. திங்கிறத்துக்கில்ல."

"அப்ப எனக்கு ஒண்டுமே இல்லையா காக்கா?" கேட்டபிறகுதான் றாபியாவுக்கு வாய் கூசியது.

"உம்மா வாப்பா இல்ல, வேற கூடப்பொறந்ததும் இல்ல. நஸீறாக்கு அஞ்சு மாசம். பொறக்கிறது பொம்புளப் புள்ளையெண்டா ஒனக்கும் ஒரு பங்கு வரும். ஆம்புளப் புள்ளையெண்டா ஒண்டும் வரா. அதுவரைக்கும் அது ஒனக்கிட்ட ஒப்படச்ச அமானத்து, புள்ள."

ஜவுபர் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தான்.

றாபியா வீட்டுக்குள் போனாள். உள்ளறையில் திரைக்குப் பின்னால் நஸீறா வெள்ளைச் சேலையில் இருந்தாள். றாபியா பத்திரத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"தம்பி கேட்டுக்கிட்டேதான் இருந்தான். நான்தான்..."

நஸீறா விரித்துக்கூடப் பார்க்கவில்லை. மடியிலிருந்து எடுத்துத் திருப்பி நீட்டினாள்.

"நீங்களே வெச்சிரிங்க மதினி. நான் இத்தாவில. புள்ள பொறக்கிற வரைக்கும் படல தாண்ட ஏலா. பேங்குக்கும் நீங்கதான் போகணும்."

றாபியா வாங்கிக்கொண்டாள்.

"மூணு வெள்ளியும் ராத்தா வருவா எண்டு கோழி அறுத்தார்," என்றாள் நஸீறா. "ஒங்களுக்கு என்ன சோலியோ எண்டு நாங்களே திண்டம்."

வெளியே ஜவுபர் ஹோர்ன் அடித்தான்.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோறு மூடியபடியே இருந்தது. றாபியா மூடியைத் திறந்தாள். கையைக் கழுவிக்கொண்டு நஸீறாவின் முன்னால் சம்மணமிட்டாள்.

"வேணா மதினி."

"ஒனக்கு மட்டுமா? வாயத் திற."

ஹோர்ன் மறுபடி அலறியது, இந்த முறை நீளமாக. றாபியா தலையைத் திருப்பவில்லை. மீனில் முள்ளைத் தேடி, ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.