ஒன்பதாவது கடிதம்

தம்ளரின் அடியால் ஃபக்ருன்னிசா கற்பூரத்தைப் பொடித்துக்கொண்டிருந்தபோது வாப்பாவின் கைப்பேசி அடித்தது. அது அடுப்படியில் அரிசி டப்பாவின் மேல் இருந்தது. பர்மாவில், தின்கன்ஜூன் பகுதியில் இருந்த அந்த வீட்டுக்குள் அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். பின்பக்கம் திரை கட்டி ஆண்கள் வாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஊ தின் மாங் இருக்காங்களா?" என்று பர்மிய மொழியில் ஒரு பெண் கேட்டாள்.

அடையாள அட்டையில் வாப்பாவின் பெயர் அதுதான். வீட்டிலும் பள்ளிவாசலிலும் அவர் பர்கத்துல்லா. தின் மாங்கைத் தேடி வருவது பெரும்பாலும் வங்கிதான்.

"காலைல மௌத்தாயிட்டாரு," என்று தமிழில் சொல்லிவிட்டு, சட்டென்று நினைவு வந்து பர்மிய மொழியில் மறுபடி சொன்னாள். இரண்டாம் முறை சொன்னபோதுதான் அவளுக்கே அது உறைத்தது.

அந்தப் பெண் உண்மையாகவே வருத்தப்பட்டாள். பிறகு கொஞ்ச நேரம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, இந்த நேரத்துல சொல்றதுக்கு மன்னிக்கணும். அவர் கிரெடிட் கார்டுல பாதுகாப்புத் திட்டம் இருக்கு. கார்டுக்காரர் இறந்தா பாக்கி ஒன்பது லட்சம் சாட் பணத்தையும் அது கட்டிடும். ஒரே ஒரு விஷயம். திட்டத்தைத் தானே விரும்பி எடுத்தார்னு வாரிசு கையெழுத்துப் போடணும். அவர் கொடுத்த புகாரையும் வாபஸ் வாங்கணும்."

ஃபக்ருன்னிசா தம்ளரை மறுபடி கற்பூரத்தின் மேல் அழுத்தினாள்.

அந்தத் திட்டத்தோடுதான் வாப்பா இரண்டு வருடம் மல்லுக்கட்டினார். தம்பி ஜுல்ஃபிகரை மலேசியாவுக்கு அனுப்ப அவர் கார்டு வாங்கியபோது, இந்தக் கட்டத்திலும் டிக் போட்டால்தான் கார்டு கிடைக்கும் என்று வங்கி அதிகாரி சொல்லியிருக்கிறான். அது பச்சைப் பொய் என்று பின்னால்தான் தெரிந்தது. மாதா மாதம் எட்டாயிரம் சாட் பிடித்தார்கள். வேலை போனால் தவணையைத் திட்டமே கட்டிவிடுமாம். "லத்தா கடைத்தெருவுல குடை விக்கிற என்னை யாரு வேலைய விட்டுத் தூக்குறது? நாந்தானே மொதலாளி!" என்று சிரித்துக்கொண்டே வங்கிக்கு முதல் கடிதத்தை எழுதினார். எட்டாவது கடிதத்தின்போது அவர் சிரிக்கவில்லை. "காசு வந்தாலும் வராட்டியும் போவுது. இதை நான் கேக்கலன்னு அவனுங்க ஒத்துக்கணும்," என்றார். நேற்று ராத்திரி மூச்சு முட்டியபோதும், "பதில் வந்துச்சா?" என்றுதான் கேட்டார். இன்னும் இல்லை வாப்பா என்றாள். அதற்குப் பிறகு அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

"யோசிச்சு சொல்றேன்," என்று ஃபோனை வைத்தாள்.

சற்று நேரத்தில் ஜுல்ஃபிகர் பினாங்கிலிருந்து கூப்பிட்டான். லீவு கிடைக்கவில்லை என்று அழுதான். வங்கி விஷயத்தைச் சொன்னதும் அழுகை நின்றது.

"கையெழுத்துப் போட்டுடு ராத்தா. ஒன்பது லட்சத்துக்கு நீ எங்க போவே? வாப்பாவுக்கு இனிமே என்ன தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேடா."

பள்ளிக்கூடத்தில் அவள் வாங்கும் சம்பளத்தில் அந்தக் கடன் தீர நாலைந்து வருடமாவது ஆகும். அது இருவருக்குமே தெரியும்.

கபன் துணி சுற்றி முடித்ததும் பள்ளிவாசல் மோதினார் ஜாபிர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஜனாஸா தொழுவைக்கு முன்னாடி கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பு யாருன்னு சொல்லணும்மா. ஜுல்ஃபிகர் இல்லியே. பக்கத்து வூட்டு ஆசிக் பேரைச் சொல்லிடவா? ஒரு சம்பிரதாயத்துக்குத்தானே."

"என் பேரைச் சொல்லுங்க மாமா."

"பொம்பளைப் பேரை இதுவரைக்கும் நாங்க..."

"வாப்பாவுக்கு பேங்க்ல கடன் இருக்கு. ஆசிக் கட்டுவானா?"

ஜாபிர் தாடியைத் தடவினார். "பேங்க் கடன்னா அட்டையில உள்ள பேருல, ஊ தின் மாங் மகள்னு சொல்லட்டுமா?"

"பர்கத்துல்லா மகள் ஃபக்ருன்னிசான்னு சொல்லுங்க."

சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிறவர்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வீட்டில் தனியாக இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. பயமாக இருந்தது. அரிசி டப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். பள்ளிவாசலுக்குப் போன ஆசிக், அவள் கேட்டுக்கொண்டபடியே அவளுக்கு ஃபோனைப் போட்டு, துண்டிக்காமல் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

இமாமின் குரல் தூரத்தில் கேட்டது. "மர்ஹூம் பர்கத்துல்லா யாருக்காவது கொடுக்க வேண்டியது இருந்தா, அவங்க மகள் ஃபக்ருன்னிசாகிட்ட கேட்டுக்குங்க. அவங்க பொறுப்பு ஏத்திருக்காங்க."

யாரோ இருமினார்கள். செருப்புகளை ஓரமாகத் தள்ளும் சத்தம் கேட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. தொழுகையின் நாலு தக்பீரையும் அவள் விரலில் எண்ணினாள். அதன்பிறகு தெருவில் போகும் பஸ்ஸின் இரைச்சல் மட்டும் வந்தது. இணைப்பு தானாகத் துண்டிக்கும்வரை ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

பிறகு வாப்பாவின் ஃபைலை எடுத்தாள். எட்டுக் கடிதங்களின் நகல்களும் வரிசையாக இருந்தன. வெள்ளைத் தாளின் மூலையில் ஒன்பது என்று எண் போட்டாள். 'பொருள்: நான் கேட்காத பாதுகாப்புத் திட்டம்' என்பதுதான் எட்டிலும் வாப்பா எழுதியிருந்த முதல் வரி. 'நான்' என்று எழுதிய பிறகு நிறுத்தி, அதை அடித்துவிட்டு, 'என் தந்தை' என்று எழுதினாள்.

தாளில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் கற்பூரம் ஒட்டியிருந்தது. அவள் வேறு தாள் எடுக்கவில்லை.